நாக்கில் வெள்ளைத் திட்டு: எப்போது கவலைப்பட வேண்டும்?

அம்மாவுக்கு 58 வயது. நடவு, களையெடுப்பு வேலைக்குப் போகிறவர். பல வருடங்களாக வெற்றிலை, சீவலோடு புகையிலையும் போடுகிறார். நாக்கின் இடது ஓரத்தில் சுண்ணாம்பு பட்டதுபோல வெள்ளையாக ஒரு திட்டு இருக்கிறது. வலி இல்லை என்பதால் டாக்டரிடம் வர மறுக்கிறார்.
– வாசகி, திருத்துறைப்பூண்டி

இந்த வாரமே அழைத்துச் செல்லுங்கள். வலி இல்லை என்பதை நல்ல செய்தியாக எடுத்துக்கொள்ள வேண்டாம். புற்றுநோயாக மாறக்கூடிய திட்டுகள் பெரும்பாலும் வலிக்காமல்தான் இருக்கும். ஈரத் துணியால் மெதுவாகத் துடைத்துப் பாருங்கள். துடைத்தும் போகாத, வேறு காரணமும் தெரியாத வெள்ளைத் திட்டை ‘லூக்கோபிளேக்கியா’ என்போம். அதிலும் நாக்கின் ஓரம், அடிப்பக்கம், நாக்குக்குக் கீழே உள்ள வாய்த்தரை ஆகிய இடங்களில் வந்தால் கூடுதல் எச்சரிக்கை தேவை. வெள்ளைக்கு நடுவே சிவப்பு தெரிந்தாலோ, தொட்டால் கெட்டியாக இருந்தாலோ, கழுத்தில் நெறி கட்டியிருந்தாலோ ஒரு நாளும் தள்ளிப்போடக் கூடாது.

இத்தகைய திட்டுகளில் பெரும்பாலானவை புற்றுநோயாவதில்லை. ஆனால் எது மாறும், எது மாறாது என்று கண்ணால் பார்த்து யாராலும் சொல்ல முடியாது. சிறு துணுக்குச் சதை எடுத்துச் சோதிக்கத்தான் வேண்டும். ‘கத்தி பட்டால் பரவிவிடும்’ என்று பயமுறுத்துகிறவர்கள் எல்லா ஊரிலும் இருக்கிறார்கள். அதை நம்பி வீட்டிலேயே இருந்துவிட்டு முற்றிய நிலையில் வருகிறவர்களைப் பார்க்கும்போது மனம் பதறுகிறது.

புகையிலையை மட்டும் விட்டால் போதுமா என்று அம்மா கேட்பார். போதாது. பாக்கே புற்றுநோயை உண்டாக்கும் என்று உலக சுகாதார நிறுவனத்தின் புற்றுநோய் ஆய்வு முகமை வகைப்படுத்தியிருக்கிறது. சீவலும் பாக்குதான். தாம்பூலம் நம் பக்கத்து மரியாதை. தட்டில் வைத்துக் கொடுங்கள், வாங்கிக்கொள்ளுங்கள். பாக்கையும் புகையிலையையும் கன்னத்தில் அடக்கி வைத்துக்கொண்டு நாள் முழுவதும் வயலில் நிற்பதைத்தான் வேண்டாம் என்கிறேன்.

இரண்டு மாதக் குழந்தையின் நாக்கு வெள்ளையாக இருக்கிறது. தேன் தடவினால் சரியாகும் என்கிறார் மாமியார்.
– வாசகி, பாபநாசம்

தேன் கூடவே கூடாது. ஒரு வயது வரை தேனால் குழந்தைக்குக் கடுமையான நச்சு நோய் வரக்கூடும் என்று மாமியாரிடம் பக்குவமாக எடுத்துச் சொல்லுங்கள். நாக்கில் மட்டும் மெல்லியதாக இருந்து, துடைத்தால் போய்விட்டால் அது பால் படிவு. கன்னத்தின் உட்புறமும் தயிர்த் துணுக்குபோல ஒட்டியிருந்து, எளிதில் வராமல், எடுத்த இடம் சிவந்தால் பூஞ்சைத் தொற்று. சுரண்ட வேண்டாம். குழந்தைகள் மருத்துவர் சொட்டு மருந்தோ களிம்போ கொடுப்பார். உங்களுக்கு மார்புக் காம்பில் எரிச்சல் இருந்தால் அதையும் சொல்லுங்கள். இருவருக்கும் சேர்த்து வைத்தியம் செய்யாவிட்டால் திரும்பத் திரும்ப வரும். தாய்ப்பாலை நிறுத்த வேண்டியதில்லை.

சர்க்கரை நோய் உண்டு. ஆஸ்துமாவுக்கு இன்ஹேலரும் எடுக்கிறேன். நாக்கில் வெள்ளை அடிக்கடி வருகிறது.
– வாசகர், மன்னார்குடி

இரண்டுமே பூஞ்சைக்கு இடம் கொடுப்பவை. ஸ்டீராய்டு இன்ஹேலராக இருந்தால் ஒவ்வொரு முறையும் வாயைக் கொப்பளித்துத் துப்புங்கள். இன்ஹேலரை நீங்களாக நிறுத்த வேண்டாம். சர்க்கரை அளவை உடனே பாருங்கள். பல்செட் இருந்தால் இரவில் கழற்றி வையுங்கள். மருந்து போட்டும் இரண்டு வாரத்தில் போகாவிட்டால் நேரில் காட்டுங்கள்.

மகளின் நாக்கில் வெள்ளை விளிம்போடு சிவப்புத் திட்டுகள் தெரிகின்றன. ஒரு வாரம் ஓரிடம், அடுத்த வாரம் வேறிடம்.
– வாசகர், சீர்காழி

இடம் மாறுவதிலிருந்தே இது ‘வரைபட நாக்கு’ என்று தோன்றுகிறது. மற்றவர்களுக்கு ஒட்டிக்கொள்ளாது, புற்றுநோயும் ஆகாது. பல் மருத்துவரிடம் ஒருமுறை காட்டி உறுதி செய்துகொள்ளுங்கள். எரிச்சல் இருக்கும் நாட்களில் காரக்குழம்பை விட்டு மோர்சாதம் கொடுங்கள்.