கொரோனா போல இன்னொரு பெருந்தொற்று வந்தால் பள்ளிகளைப் பாதுகாப்பாகத் திறக்க என்ன செய்ய வேண்டும்?

தமிழ்நாட்டில் 2021 நவம்பர் 1 அன்று ஒன்று முதல் எட்டு வரையிலான வகுப்புகள் மீண்டும் திறக்கப்பட்டபோது நான் ஓர் ஊராட்சி ஒன்றிய நடுநிலைப் பள்ளியின் தலைமையாசிரியராக இருந்தேன். அந்த அனுபவத்தை வைத்தே பதில் சொல்கிறேன். பள்ளி வாசலில் நாங்கள் காட்டிய அக்கறையில் பாதியையாவது வகுப்பறைக் காற்றின் மீதும் மதிய உணவு வேளையின் மீதும் காட்டியிருக்க வேண்டும். பெரிய பிள்ளைகளை முதலிலும் சிறு பிள்ளைகளைக் கடைசியிலும் அழைத்த வரிசையையும் மாற்றியிருக்க வேண்டும் என்பது என் கருத்து.

வாசலில் என்ன செய்தோம் என்றால், ஒவ்வொரு குழந்தையின் நெற்றிக்கும் நேராக வெப்பமானியைப் பிடித்து, கையில் சானிடைசர் ஊற்றி, சுண்ணாம்பால் வரைந்த வட்டங்களில் நிற்க வைத்து உள்ளே அனுப்பினோம். கார்த்திகை மாதக் குளிர்காற்றில் நடந்து வந்த பிள்ளைகளுக்கு அந்தக் கருவி 93, 94 என்று காட்டும். அதையும் பதிவேட்டில் எழுதிக்கொள்வோம். தொற்று ஏற்பட்ட குழந்தைகளில் பலருக்குக் காய்ச்சலே வராது என்பதால் இந்தச் சோதனையால் பெரிய பயன் இருந்திருக்க முடியாது. பெஞ்சுகளைத் தினமும் கிருமிநாசினியால் துடைத்தோம். ஆனால் இந்த நோய் காற்றின் வழியாகவும் பரவும் என்பதை உலக சுகாதார நிறுவனமே 2021-இல் தெளிவாக எழுதிவிட்டிருந்தது.

எங்கள் ஐந்தாம் வகுப்பு அறையில் மூன்று சன்னல்கள். ஒன்றை விலையில்லாப் பாடநூல்கள் அடுக்கிய இரும்பு பீரோ மறைத்திருந்தது. இன்னொன்றைக் குரங்குத் தொல்லைக்காக எப்போதோ கம்பி கட்டி மூடியிருந்தார்கள். மூன்றாவது சாலைப் பக்கம் இருந்ததால் புழுதிக்குப் பயந்து பாதிதான் திறப்போம். போதாக்குறைக்கு, பள்ளி திறந்த நான்காம் நாள் தீபாவளி, அதைத் தொடர்ந்து அடைமழை. சாரல் அடிக்கிறது என்று அந்த ஒற்றைச் சன்னலையும் சாத்திவிட்டு, முகக்கவசம் போட்ட முப்பது பிள்ளைகளை உள்ளே உட்கார வைத்திருந்த நாள்களை இப்போது நினைத்தால் சங்கடமாக இருக்கிறது. பீரோவை நகர்த்த இரண்டு ஆள் போதும். எந்தச் சுற்றறிக்கையும் அதைச் சொல்லவில்லை, எனக்கும் தோன்றவில்லை. முகக்கவசத்தைப் பற்றி ஒன்று சொல்லியாக வேண்டும்: மூன்றாம் வகுப்பில் இரண்டு பிள்ளைகள், ஒருத்தியின் கவசத்தில் பூப்போட்டிருந்தது பிடித்துப்போனதால், இடைவேளையில் மாற்றிப் போட்டுக்கொண்டு வந்து நின்றார்கள்.

மதிய உணவுதான் உண்மையான சிக்கல். காலை முழுவதும் இடைவெளி விட்டு உட்கார்ந்தவர்கள் பன்னிரண்டரை மணிக்கு முகக்கவசத்தைக் கழற்றிவிட்டு, நான்கு குழாய்கள் உள்ள தொட்டியைச் சுற்றி நெருக்கியடித்துத் தட்டு கழுவுவார்கள். பள்ளி மூடியிருந்தபோது அரிசியும் பருப்பும் முட்டையும் வீட்டுக்கே கொடுத்தோம் என்றாலும், பள்ளியில் சுடச்சுடச் சாப்பிடும் சாப்பாட்டுக்கு அது ஈடாகாது. ஆகவே சத்துணவை நிறுத்துவது தீர்வல்ல. இரண்டாவது வாரத்திலிருந்து சத்துணவு அமைப்பாளரிடம் பேசி, மழையில்லாத நாள்களில் வேப்பமரத்தடியிலும் மற்ற நாள்களில் திறந்த தாழ்வாரத்திலும் இரண்டு பந்தியாகப் பரிமாறினோம். சமையலருக்குக் கூடுதலாக அரை மணி நேர வேலை, அவ்வளவுதான்.

இனி வரிசையைப் பற்றி. 2021 ஜனவரி 19-இல் பத்தும் பன்னிரண்டும், பிப்ரவரி 8-இல் ஒன்பதும் பதினொன்றும் திறந்தன. இரண்டாம் அலைக்குப் பின் செப்டம்பர் 1-இல் மீண்டும் ஒன்பது முதல் பன்னிரண்டு வரை. எங்கள் பிள்ளைகளின் முறை வர ஏறத்தாழ 19 மாதங்கள் ஆயின. பொதுத்தேர்வே இந்த வரிசையைத் தீர்மானித்தது. டென்மார்க்கில் 2020 ஏப்ரல் 15 அன்றே மழலையர் பள்ளிகளையும் தொடக்க வகுப்புகளையும் முதலில் திறந்தார்கள். அந்த நாட்டையும் நம் நாட்டையும் ஒப்பிடலாமா என்று கேட்பவர்கள் உண்டு, கேட்க வேண்டியதுதான். ஆனால் கைப்பேசியில் பாடம் கேட்கச் சற்றும் இயலாதவர்கள் ஆறு வயதுப் பிள்ளைகளே. கொரோனாவால் கடுமையாக நோயுறும் வாய்ப்பும் அவர்களுக்கே குறைவாக இருந்தது. 2020-இல் ஒன்றாம் வகுப்பில் பெயர் சேர்த்த ஒரு சிறுமி, வகுப்பறையையே பார்க்காமல் இரண்டாம் வகுப்பு மாணவியாக வந்து, ஒரு வாரம் முழுக்க அக்காவின் வகுப்பில்தான் உட்காருவேன் என்று அழுதாள். அடுத்து வருவது சிறுவர்களையே தாக்கும் காய்ச்சலாக இருந்தால் வரிசையும் வேறாகத்தான் இருக்க வேண்டும். நோய் யாரை அதிகம் தாக்குகிறது என்று பார்த்த பிறகே அதை முடிவு செய்ய வேண்டும்.

இன்னொன்று, மாநிலம் முழுவதற்கும் ஒரே தேதி என்பது தேவையில்லை. 2021 ஜனவரியில் ஒரு வகுப்பில் 25 பேர் என்று வரம்பு வைத்தார்கள். பள்ளி மொத்தத்துக்குமே அவ்வளவு பிள்ளைகள் இல்லாத ஈராசிரியர் பள்ளிகள் நம் கிராமங்களில் எத்தனையோ உள்ளன. ஆசிரியர்களுக்குத் தடுப்பூசி போட்டாயிற்று, ஊரில் தொற்று இல்லை என்றால், அந்தப் பள்ளிகளை வட்டாரக் கல்வி அலுவலரும் பள்ளி மேலாண்மைக் குழுவும் ஆரம்ப சுகாதார நிலையத்தைக் கேட்டுக்கொண்டு முன்பே திறந்திருக்கலாம்.

திறப்பதற்கு முன்பே மூடும் விதியையும் எழுதி ஒட்டிவிட வேண்டும்: ஒரு குழந்தைக்குத் தொற்று என்றால் எந்த வகுப்புக்கு, எத்தனை நாள் விடுமுறை, அதை யார் அறிவிப்பது என்று. எங்களிடம் அது தெளிவாக இல்லாததால், ஆறாம் வகுப்பு மாணவன் ஒருவனுக்குத் தொற்று என்ற செய்தி பரவிய அன்று பதினோரு மணிக்குள் பாதிப் பெற்றோர் வாசலுக்கு வந்து பிள்ளைகளை அழைத்துப் போய்விட்டார்கள். பரிசோதனை முடிவு மறுநாள்தான் வந்தது, தொற்று இல்லை.