பள்ளிக்குள் வரும் துப்பாக்கி எங்கிருந்து கிளம்புகிறது?

அன்புள்ள ஐயா,

வணக்கம். டெக்ஸாஸில் பன்னிரண்டு வருடமாக இருக்கிறோம். மகன் ஏழாம் வகுப்பு, மகள் இரண்டாம் வகுப்பு. ‘ஆசிரியர் கையில் சாக்பீஸ் மட்டும் இருக்கட்டும்’ என்று நீங்கள் போன மாதம் எழுதிய கட்டுரையைப் படித்தேன். வருத்தத்தோடுதான் இதை எழுதுகிறேன். தஞ்சாவூரில் இருந்துகொண்டு அப்படி எழுதுவது சுலபம். இங்கே என் மகள், பள்ளிக்குள் யாராவது துப்பாக்கியோடு வந்தால் ஒளிந்துகொள்ளப் பழக்கும் லாக்டவுன் பயிற்சி முடிந்து வந்து, “அம்மா, நான் குட்டியா இருக்கறதால புக் ஷெல்ஃபுக்குப் பின்னாடி ஒளிஞ்சுக்கலாம்னு மிஸ் சொன்னாங்க” என்று பெருமையாகச் சொல்கிறாள். அன்றைக்கு ராத்திரி எனக்குத் தூக்கமே இல்லை.

ஊழியர்கள் சிலருக்குப் பயிற்சி கொடுத்துத் துப்பாக்கி வைத்துக்கொள்ள அனுமதிப்பதா என்று எங்கள் பள்ளி வாரியம் அடுத்த வாரம் கூடிப் பேசுகிறது. “யாராவது ஒருத்தர் கையில் இருந்தால்தான் நல்லது” என்கிறார் என் கணவர். வீட்டுக்கும் ஒன்று வாங்கலாம் என்கிறார். கூட்டத்தில் பெற்றோர் ஆளுக்கு மூன்று நிமிடம் பேசலாம். பெயர் கொடுத்துவிட்டேன். என்ன பேசுவது என்று தெரியவில்லை. பதில் எழுதுவீர்களா?

(பெயரை வெளியிட வேண்டாம்.)

---

அன்புள்ள சகோதரிக்கு,

உங்கள் கோபம் நியாயமானது. அந்தத் தலைப்பு கேட்க நன்றாக இருந்தது. பிள்ளையைப் பள்ளி வாசலில் இறக்கிவிட்டுத் திரும்பும் ஒரு தாய்க்கு அதனால் எந்த உபயோகமும் இல்லை. இந்த முறை பொறுமையாக எழுதுகிறேன்.

உங்கள் கணவரிடமிருந்து தொடங்குகிறேன். அவர் நினைப்பதில் நியாயம் இருக்கிறது. 2024 செப்டம்பரில் ஜார்ஜியா மாநிலத்தின் அபலாச்சி உயர்நிலைப் பள்ளியில் 14 வயதுப் பையன் ரைஃபிளோடு வந்து இரண்டு மாணவர்களையும் இரண்டு ஆசிரியர்களையும் கொன்றான். பள்ளியிலேயே பணியில் இருந்த காவலர்கள் சில நிமிடங்களில் எதிரே வந்து நின்றதும் சரணடைந்துவிட்டான். அவர்கள் அங்கே இல்லாதிருந்தால் இன்னும் எத்தனை பிள்ளைகள் போயிருப்பார்களோ.

ஆனால் மற்ற ஊர்களையும் பார்க்க வேண்டியிருக்கிறது. 1999இல் கொலராடோவின் கொலம்பைன் பள்ளியில் துப்பாக்கிச் சூடு நடந்தபோது ஆயுதம் ஏந்திய காவலர் இருந்தார், திருப்பியும் சுட்டார். அன்றைக்குப் பன்னிரண்டு மாணவர்களும் ஓர் ஆசிரியரும் செத்தார்கள். 2018இல் பார்க்லாண்டில் 17 பேர் இறந்தபோது பள்ளிக் காவலர் கட்டடத்துக்கு வெளியிலேயே நின்றுவிட்டார். 2022 மே 24 அன்று உங்கள் மாநிலத்து யுவால்டி பள்ளியில் நடந்தது உங்களுக்கே தெரியும். மொத்தம் 376 காவலர்கள் வந்து சேர்ந்தார்கள். 77 நிமிடம் கழித்துத்தான் சுட்டவன் இருந்த வகுப்பறைக்குள் நுழைந்தார்கள். 19 குழந்தைகளும் இரண்டு ஆசிரியைகளும் போய்விட்டார்கள். 1980 முதல் 2019 வரையிலான 133 பள்ளிச் சம்பவங்களை ஆராய்ந்து 2021இல் வந்த ஓர் ஆய்வு, ஆயுதக் காவலர் இருந்த பள்ளிகளில் சாவு குறையவில்லை, கூடுதலாகத்தான் இருந்தது என்கிறது. காவலரால்தான் சாவு கூடியது என்று அதை வைத்துச் சொல்லிவிட முடியாது. ஆனால் அவர் இருந்தால் போதும் என்ற நம்பிக்கைக்கும் அதில் ஆதாரம் இல்லை. சுட வருகிறவர்களில் பலர் தாமும் சாகத் தயாராக வருகிறவர்கள். எதிரே துப்பாக்கி இருக்கிறது என்று அவர்களைப் பயமுறுத்த முடிவதில்லை.

உங்கள் வாரியம் இதை இப்போது பேசுவதற்குப் பணமும் ஒரு காரணமாக இருக்கும். யுவால்டிக்குப் பிறகு 2023இல் வந்த டெக்ஸாஸ் சட்டம் ஒவ்வொரு பள்ளி வளாகத்திலும் ஓர் ஆயுதக் காவலர் இருக்க வேண்டும் என்றது. அதற்கு 2023இல் ஒதுக்கிய தொகை வளாகத்துக்கு வருடம் 15,000 டாலர், மாணவருக்குப் பத்து டாலர். அந்தப் பணத்தில் ஒரு காவலருக்கு வருடச் சம்பளம் கொடுக்க முடியவில்லை. அதனால்தான் பல ஊர்களில் சொந்த ஊழியர்களையே பார்க்கத் தொடங்கினார்கள். முப்பத்தோரு வருடம் வகுப்பில் நின்றவன் நான். சின்னப் பிள்ளைகள் நாளெல்லாம் ஆசிரியரின் இடுப்பைக் கட்டிக்கொள்வார்கள், மடியில் சாய்வார்கள். அந்த இடுப்பில் ஒரு கைத்துப்பாக்கி பள்ளி நடக்கும் ஒவ்வொரு நாளும் இருக்கும் என்பதை நினைக்கும்போது எனக்கு அடிவயிறு கலங்குகிறது. அது தேவைப்படும் அந்த ஒரு நாள் வராமலே போகலாம். மற்ற நாட்கள் வந்தே தீரும்.

கதவைப் பற்றிக் கேளுங்கள். யுவால்டியில் ஒரு வகுப்பறைக் கதவின் பூட்டு சரியில்லை என்பது பள்ளியில் பலருக்கு முன்பே தெரியும் என்று மாநிலச் சட்டசபைக் குழுவின் அறிக்கை எழுதியிருக்கிறது. அதை யாரும் பழுது பார்க்கவில்லை. படித்தபோது என் கை நடுங்கியது. 2012இல் சாண்டி ஹூக் பள்ளியில் ஆறேழு வயதுக் குழந்தைகள் இருபது பேரும் பெரியவர்கள் ஆறு பேரும் கொல்லப்பட்டார்கள். வாசல் கதவு பூட்டித்தான் இருந்தது, கொலையாளி பக்கத்துக் கண்ணாடியைச் சுட்டு உடைத்து உள்ளே போனான். அதை விசாரித்த ஆணையம் அழுத்திச் சொன்னது, வகுப்பறைக் கதவுகளை உள்ளிருந்தே பூட்டும் வசதி வேண்டும் என்பதை. கூடவே, உள்ளே இருப்பவர் ஒரே திருப்பில் திறந்து வெளியே வரவும் முடிய வேண்டும். இதைக் கும்பகோணம் இருக்கும் மாவட்டத்து ஆசிரியனாகச் சொல்கிறேன். 2004 ஜூலை 16 அன்று 94 குழந்தைகள் வெளியேற வழியில்லாமல் வெந்துபோனதற்குப் பிறகு, எந்தப் பள்ளிக்குள் போனாலும் என் கண் முதலில் தேடுவது வாசலைத்தான்.

கும்பகோணத்துக்குப் பிறகு நாம் செய்த இன்னொரு காரியம், பள்ளிகளில் இருந்த கீற்றுக் கூரைகளைப் பிரித்தது. தீப்பிடிக்கும் பொருளையே எடுத்துவிட்டோம். பிரிட்டனும் அப்படித்தான் செய்தது. 1996இல் ஸ்காட்லாந்தின் டன்பிளேனில் 16 குழந்தைகளும் அவர்களின் ஆசிரியையும் கொல்லப்பட்ட மறுவருடமே தனியார் கைத்துப்பாக்கிகளைத் தடை செய்தார்கள். அமெரிக்காவில் அது நடக்காது. வீட்டில் துப்பாக்கி வைத்துக்கொள்வது தனிமனித உரிமை என்று 2008இல் உச்ச நீதிமன்றம் தீர்ப்புச் சொல்லிவிட்டது. மக்கள்தொகையைவிடத் துப்பாக்கிகள் அதிகம் உள்ள நாடு அது. உங்கள் வாரியத்தால் அதை மாற்ற முடியாது.

ஆனால் அந்தத் துப்பாக்கி எந்த வீட்டிலிருந்து வருகிறது என்று கேட்க முடியும். நான் அதிகம் சொல்ல விரும்புவது இதைத்தான். அமெரிக்க ஜனாதிபதிக்குப் பாதுகாப்புத் தரும் ரகசிய சேவைத் துறை 2008 முதல் 2017 வரை பள்ளிகளில் நடந்த 41 தாக்குதல்களை ஆராய்ந்து 2019இல் அறிக்கை வெளியிட்டது. துப்பாக்கியால் தாக்கியவர்களில் நாலில் மூன்று பேர் அதைத் தங்கள் வீட்டிலிருந்தோ நெருங்கிய சொந்தக்காரர் வீட்டிலிருந்தோ எடுத்திருக்கிறார்கள். அவற்றில் பாதி, கைக்கு எட்டும்படி இருந்தவை அல்லது ஒழுங்காகப் பூட்டப்படாதவை. 1998இல் ஆர்கன்ஸாவில் 11 வயதிலும் 13 வயதிலும் இரண்டு பையன்கள் தீ அபாய மணியை அடித்து, வெளியே ஓடிவந்த பிள்ளைகளைச் சுட்டார்கள். ஒரு வீட்டில் இரும்புப் பெட்டியை உடைக்கப் பார்த்திருக்கிறார்கள், முடியவில்லை. ரைஃபிள்கள் தாத்தா வீட்டிலிருந்து கிடைத்தன. அந்த முதல் பெட்டி அதன் வேலையைச் செய்தது. இரண்டு வீட்டிலும் அப்படி ஒன்று இருந்திருந்தால் என்ற எண்ணம் என்னை விடுவதில்லை.

மிச்சிகனின் ஆக்ஸ்ஃபோர்டில் 2021இல் நான்கு மாணவர்களைக் கொன்ற பையனுக்கு, அந்தத் துப்பாக்கியை அவன் அப்பா வாங்கிக் கொடுத்து நான்கு நாள்தான் ஆகியிருந்தது. அன்று காலையில் அவன் வரைந்திருந்த படத்தைப் பார்த்துப் பயந்து பள்ளி பெற்றோரை வரவழைத்தது. அவர்கள் அவனை வீட்டுக்கு அழைத்துப் போகவில்லை. பையை யாரும் திறந்து பார்க்கவில்லை. 2024இல் தாய், தந்தை இருவரும் தண்டிக்கப்பட்டுச் சிறைக்குப் போனார்கள். உங்கள் மாநிலத்திலும் குழந்தை கைக்கு எட்டும்படி துப்பாக்கி வைப்பது குற்றம்தான். ஆனால் அந்தச் சட்டத்தில் ‘குழந்தை’ என்றால் 17 வயதுக்குக் கீழே. 2018இல் சாண்டா ஃபேயில் அப்பாவின் துப்பாக்கிகளை எடுத்துப்போய் பத்துப் பேரைக் கொன்றவனுக்கு வயது 17.

இன்னொன்று, தாக்குதல் நடக்கப்போவது முன்பே யாருக்குத் தெரிந்திருக்கும் என்பது. 2000 வரை நடந்த 37 பள்ளித் தாக்குதல்களை அதே துறை ஆராய்ந்தபோது, ஐந்தில் நான்கு சம்பவங்களில் முன்கூட்டியே குறைந்தது ஒருவருக்காவது விஷயம் தெரிந்திருக்கிறது. அநேகமாக எல்லா இடத்திலும் அந்த ஒருவர் கூடப் படிக்கும் பிள்ளை. இதை என் அனுபவத்தில் நம்ப முடிகிறது. ஒன்பதாம் வகுப்புப் பையன் ஒருவன் உயிரை விட்டுவிடப் போவதாக நண்பனிடம் சொல்லியிருந்தான். அந்த நண்பன் மூன்று நாள் என் மேஜையைச் சுற்றிச் சுற்றி வந்தான், ஒவ்வொரு முறையும் ஏதோ நோட்டைக் காட்டிவிட்டுப் போனான். நாலாம் நாள்தான் நான் பேனாவை வைத்துவிட்டு “என்னடா?” என்று கேட்டேன். கொட்டித் தீர்த்துவிட்டான். மூன்று நாள் கேட்காமல் இருந்தது இன்றும் எனக்கு உறுத்தல். உங்கள் மகன் ஏழாம் வகுப்பு. ஏதாவது காதில் விழுந்தால் யாரிடம் போய்ச் சொல்வான், சொன்னால் காட்டிக்கொடுத்தவன் என்ற பெயர் வராமல் பள்ளி எப்படிக் காக்கும் என்று வாரியத்தைக் கேளுங்கள். கொலம்பைனுக்குப் பிறகு கொலராடோவில் பெயர் சொல்லாமல் தகவல் தர ஒரு தொலைபேசி வழியே ஏற்படுத்தினார்கள். உங்கள் மாவட்டத்தில் அப்படி ஒன்று இருந்தால், பிள்ளைகளுக்கு அது தெரியுமா?

மூன்று நிமிடத்தில் இவ்வளவையும் சொல்ல முடியாது. நானாக இருந்தால், ஆசிரியருக்குத் துப்பாக்கி வேண்டுமா வேண்டாமா என்பதில் முதல் நிமிடத்தைச் செலவழிக்க மாட்டேன். அதில் ஏற்கெனவே அணி பிரிந்து உட்கார்ந்திருப்பார்கள். எத்தனை வகுப்பறைக் கதவுகள் உள்ளிருந்து பூட்டும், கடைசியாக எப்போது சோதித்தீர்கள் என்று எண்ணிக்கை கேட்பேன். வருடத் தொடக்கத்தில் எல்லாப் பெற்றோருக்கும் ‘வீட்டுத் துப்பாக்கியைப் பூட்டி, தோட்டாவைத் தனியாகப் பூட்டுங்கள்’ என்று பள்ளியின் பெயரில் கடிதம் போகுமா என்று கேட்பேன். துப்பாக்கி வைத்திருப்பவரும் அதை எதிர்க்க மாட்டார். மீதி நேரத்தை உங்கள் மகள் சொன்ன அந்த வாக்கியத்துக்குக் கொடுங்கள். அவள் சொன்னபடியே சொல்லுங்கள்.

கணவரோடு வீட்டில் பேசுவது இதைவிடக் கஷ்டம் என்று எனக்குத் தெரியும். 2020இலிருந்து அமெரிக்காவில் ஒரு வயதுக்கு மேற்பட்ட பிள்ளைகளும் பதின்வயதினரும் சாவதற்கு முதல் காரணம் துப்பாக்கி; சாலை விபத்தையும் தாண்டிவிட்டது. அதில் பள்ளியில் நடப்பது மிகச் சிறு பங்கு. வீட்டில் நடப்பவையும் தற்கொலைகளும் ஏராளம். உங்கள் வீட்டில் பதின்வயதை நெருங்கும் பையன் இருக்கிறான். வாங்காமல் இருந்தால் எனக்கு நிம்மதி. வாங்கித்தான் ஆவேன் என்றால் இரும்புப் பெட்டி முதலில் வரட்டும், துப்பாக்கி பிறகு வரட்டும். பிள்ளைகளை விளையாட அனுப்பும் வீடுகளில், “உங்க வீட்ல துப்பாக்கி இருக்கா, பூட்டி வெச்சிருக்கீங்களா?” என்று கேட்கத் தயங்காதீர்கள். வேர்க்கடலை ஒவ்வாமையைப் பற்றிச் சொல்லும்போது இதையும் சேர்த்துக் கேட்டுவிடலாம். அந்த ஊர்க் குழந்தை மருத்துவர்களும் இப்படிக் கேட்கத்தான் சொல்கிறார்கள்.

மகளிடம் நான் சொன்னதாக ஒன்று சொல்லுங்கள். அடுத்த முறை அலமாரிக்குப் பின்னால் இருக்கும்போது பயமாக இருந்தால், வீட்டுக்கு வந்ததும் அதையும் அம்மாவிடம் சொல்ல வேண்டும், பெருமையாக இருந்ததை மட்டும் சொன்னால் போதாது.

கூட்டம் முடிந்ததும் எழுதுங்கள். காத்திருப்பேன்.

அன்புடன்.