சிவப்புப் புழு இருந்தால் சேறு சுத்தமா?

கேள்வி: எங்கள் செம்பனைத் தோட்டத்து வாய்க்கால் சேற்றில் சிவப்புப் புழுக்கள் நெளிகின்றன. சேற்றில் நஞ்சு இல்லை என்று கொள்ளலாமா? இவற்றை வைத்தே சோதிக்கலாமா?
- வாசகி, சுங்கை சிப்புட்

பதில்: கொள்ள முடியாது, அம்மா. அது கைரோனோமஸ் என்ற, கடிக்காத கொசுப்பூச்சியின் புழு. சிவப்புக்குக் காரணம் ஹீமோகுளோபின், நம் ரத்தத்திலும் உள்ள சிவப்பு நிறமி; ஆக்ஸிஜன் மிகக் குறைந்த சேற்றிலும் புழுவை வாழவைப்பது அந்த நிறமிதான். ஆகவே புழு இருப்பது சேறு சுத்தம் என்பதற்குச் சாட்சி ஆகாது.

சோதனைக்கு வாய்க்கால் புழு உதவாது. ஆய்வகத்தில் வளர்ந்த, ஒரே வயதுப் புழு வேண்டும். 300 மில்லி பீக்கரில் (ஆய்வகக் கண்ணாடிக் குவளை) 100 மில்லி சேறு, மேலே 175 மில்லி நீர், 10 புழு. இப்படி 8 பீக்கர். ஒப்பிட்டுப் பார்க்க, நஞ்சில்லாத நல்ல சேற்றிலும் அதேபோல் 8. பீக்கர் ஒன்றுக்குத் தினமும் 6 மில்லிகிராம் மீன் தீனி, நீரும் மாற்ற வேண்டும். வெப்பம் 23 டிகிரி. நம் ஊர் வெக்கையில் ஏர்கோன் இல்லாமல் நடக்காது.

தீனி மிஞ்சினால் அழுகி ஆக்ஸிஜனைத் தின்றுவிடும், நீரில் ஆக்ஸிஜன் லிட்டருக்கு 2.5 மில்லிகிராமுக்குக் கீழே இறங்க விடாதீர்கள். சேற்றோடு வந்த தும்பிக் குஞ்சு ஒன்றே போதும், புழுக்களைத் தின்று கணக்கைக் கெடுக்க. முதலிலேயே பொறுக்கி எடுங்கள்.

10ஆம் நாள் சல்லடையில் அலசி எண்ணுங்கள், உலர்த்தி எடை பாருங்கள். காணாமல் போனதைச் செத்ததாகவே எழுதுங்கள். செத்த புழு சீக்கிரம் கரைந்துவிடும். நல்ல சேற்றிலேயே 70 விழுக்காடு பிழைக்கவில்லையென்றால் சோதனை செல்லாது.