கசக்கிய தாளும் ஒரு ஜன்னலும்

அன்புள்ள ஐயா,

எங்கள் பள்ளியில் ஒன்பதாம் வகுப்பு மாணவர்கள் 25 பேரைச் சேர்த்து ஒரு புகைப்படக் குழு தொடங்கியிருக்கிறேன். வாரத்துக்கு ஒன்றாகப் பத்துப் பயிற்சிகள் சொல்ல முடியுமா? படத்தை மூன்று மூன்றாகப் பிரித்து, பிரிக்கும் கோட்டின் மேல் பொருளை வைக்கும் மூன்றில் ஒரு பங்கு விதியிலிருந்து தொடங்குவதா, கேமரா எவ்வளவு நேரம் ஒளியை உள்ளே விடுகிறது என்ற ஷட்டர் வேகத்திலிருந்தா? செல்பேசி போதுமா? மதிப்பெண் எப்படிப் போடுவது? ஒரு பூவை எடுத்துவரச் சொன்னால் 40 படங்கள் எடுத்து வருகிறார்கள். நாற்பதும் ஒன்றுபோலவே இருக்கின்றன.

அன்புடன்,
ஆர்.

அன்புள்ள ஆர்.,

செல்பேசி போதும். மூன்றில் ஒரு பங்கு விதியைப் பத்து நிமிடத்தில் சொல்லிவிடலாம், சொல்லிவிட்டு மறந்துவிடுங்கள். ஷட்டர் வேகம் தானாக வந்து சேரும். மதிப்பெண்ணா? வாரத்தில் ஒரு மணி நேரமாவது அந்தப் பிள்ளைகளை மதிப்பெண் இல்லாமல் மூச்சுவிட விடுங்கள். கோபமாகத்தான் சொல்கிறேன்.

என்னைப் பதில் எழுத உட்கார வைத்தது உங்கள் கடைசி வரி. நாற்பதும் ஒன்றுபோல இருப்பதில் பிள்ளைகள் மேல் தவறு இல்லை. பூவை எடு என்றீர்கள், எடுத்தார்கள். பூவின் மேல் விழுந்த வெளிச்சத்தைப் பார் என்று யாரும் சொல்லவில்லை.

சில நாட்களாக யோசெஃப் சூடெக்கின் படங்களைப் புரட்டிக்கொண்டிருக்கிறேன். முதல் உலகப் போரில் வலக்கையை இழந்த செக் கலைஞர். பிராக் நகரில் தன் ஸ்டூடியோவின் ஜன்னலை 1940 முதல் 1954 வரை திரும்பத் திரும்பப் படமெடுத்தார். அதே கண்ணாடி, வெளியே அதே வளைந்த மரம். ஒரு படத்தில் கண்ணாடி முழுக்க ஈரம் கோத்து வழிகிறது. இன்னொன்றில் மரம் வெறும் கறையாகத் தெரிகிறது. அவருக்கு ஒரு ஜன்னல் பதினான்கு ஆண்டுகளுக்குப் போதுமாக இருந்தது. நீங்கள் பத்து வாரத்துக்குப் பத்துப் பொருள் தேடுகிறீர்கள்!

ஆளுக்கொரு வெள்ளைத் தாள் கொடுங்கள். கசக்கி, பாதி பிரித்து, ஜன்னலோர மேசையில் வைக்கட்டும். அறை விளக்குகளை அணைத்துவிடுங்கள். முதல் கால் மணி நேரம் யாரும் கேமராவைத் தொடக் கூடாது. எந்த மடிப்பில் நிழல் கத்தியால் வெட்டியதுபோல முடிகிறது, எந்த மடிப்பில் கரைந்து போகிறது என்று நோட்டில் எழுதட்டும். சலித்துக்கொள்வார்கள். சலிக்கட்டும், அதற்குப் பிறகுதான் கண் திறக்கும்.

பிறகு எடுக்கட்டும். தாள் பெரும்பாலும் சாம்பல் பூசியதுபோல வரும். கேமராவைக் குறை சொல்வார்கள். அது வெள்ளைத் தாள் என்று கேமராவுக்குத் தெரியாது. எதைக் காட்டினாலும் நடுத்தரச் சாம்பலுக்கு இழுத்துக்கொண்டு வரப் பார்க்கும். திரையில் தாளைத் தொட்டு வெளிச்சத்தைக் கொஞ்சம் கூட்டினால் வெள்ளை வெள்ளையாகும். அதற்கு மேலும் கூட்டினால் மடிப்புகளே அழிந்துவிடும். எங்கே நிறுத்துவது என்பதை அவர்களே முடிவுசெய்யட்டும், நீங்கள் வாய் திறக்காதீர்கள். அடுத்து, நிழல் விழும் பக்கத்தில் இன்னொரு வெள்ளைத் தாளைப் பிடிக்கச் சொல்லுங்கள், நிழல் வெளிறும். கறுப்பு அட்டையைப் பிடித்தால் இருளும். ஜன்னலுக்கு முதுகைக் காட்டி நின்று எடுத்தால் தாள் தட்டையாகிவிடும். பக்கவாட்டில் நின்றால் அதே தாள் மலைத்தொடர். ஆளுக்கு 12 படங்கள்தான். ஒன்றையும் அழிக்கக் கூடாது.

இந்தக் கணக்கில் நான் பிடிவாதக்காரன். பதினான்கு வயதில் மாமாவிடம் கெஞ்சி அவருடைய ஃபிலிம் கேமராவை வாங்கினேன். 36 படங்களுக்கான ஒரே ஒரு ரோல். ஒவ்வொரு படத்துக்கும் காத்திருந்தேன். எண்காட்டி 36ஐத் தாண்டி 37, 38 என்று ஏறியபோது, அதிர்ஷ்டம் கூடுதலாக இரண்டு படம் தந்துவிட்டது என்று குதித்தேன். கழுவிப் பார்த்தால் ஃபிலிமில் ஒன்றுமே இல்லை. ஃபிலிமின் முனையைச் சரியாக மாட்டாததால் சுருள் ஒரு அங்குலம்கூட நகரவில்லை. "லீவரை இழுக்கும்போது இடப்பக்கக் குமிழ் சுழன்றதா, பார்த்தாயாடா?" என்றார் மாமா. சுருள் நகர்ந்தால்தான் அந்தக் குமிழ் சுழலும். நான் பார்க்கவில்லை. அன்று இரவு நான் சாப்பிடவில்லை.

ஆனால் அந்தப் படங்களில் பாதிக்கு மேல் இன்றும் எனக்கு மனப்பாடம். கதவிடுக்கு வழியாகத் தரையில் விழுந்த ஒளிப்பட்டை, அதன் ஓரத்தில் பாட்டியின் பாதம். அது நகர்ந்து நகர்ந்து அவள் கட்டைவிரலைத் தொடும்வரை கேமராவைப் பிடித்தபடி நின்றிருந்தேன். போன மாதம் என் செல்பேசியில் எடுத்த நூற்றுக்கணக்கான படங்களில் ஒன்றைக்கூட இப்படிச் சொல்ல எனக்கு வராது.

பத்துப் பயிற்சிகள் கேட்டிருந்தீர்கள், இல்லையா? தாளை எடுத்து முடியுங்கள். மேகம் மூடிய ஒரு நாளில் அதே மேசையில் அதையே மறுபடி எடுக்கச் சொல்லுங்கள். பிறகு எழுதுங்கள், மற்றதைப் பார்க்கலாம். வகுப்பில் நீங்களும் ஒரு தாளைக் கசக்கி வைத்துக்கொண்டு உட்காருங்கள். உங்களுக்கும் 12தான்.