சிவப்பு அலையைக் கடற்பாசி அடக்குமா?

மேலூர் மாணவி: கடற்பாசி கிடக்கும் நீரில், பெருகிக் கடல்நீரின் நிறத்தையே மாற்றும் சிவப்பு அலை நுண்பாசி செத்துவிடுகிறதாமே, எப்படி சார்?

முக்கியமாகக் கொழுப்பு அமிலங்களால்தான்மா. உல்வா போன்ற பச்சைப் பாசிகளில் நான்கு இரட்டைப் பிணைப்புள்ள கொழுப்பு அமிலங்கள் உண்டு. அவை நுண்பாசியின் செல் சவ்வைக் குலைத்துவிடும். சிவப்பு அலை நுண்பாசிகளில் ஒன்றான ஹெட்டிரோசிக்மாவுக்கு ஓடு கிடையாது. நுண்ணோக்கியில் பாருங்கள்: நீந்தியது நிற்கும், உருளும், உப்பி வெடிக்கும். பழுப்புப் பாசியில் ஃப்ளோரோடானின் என்று வேறொரு சரக்கு.

அதே மாணவி: மண்டபத்திலிருந்து கஞ்சிப்பாசி (கிராசிலேரியா என்ற சிவப்புப் பாசி) வாங்கி புராஜெக்ட் செய்கிறேன். என்ன அளவு?

காய்ந்த பாசி வேண்டாம். வெயிலில், மணலில் காய்ந்தது. அந்த அமிலம் காற்றுப் பட்டாலே கெடும். பச்சையாக வாங்கி, கடல்நீரில் அலசி, நிழலில் உலர்த்திப் பொடித்து, இருட்டில் மைனஸ் 20 டிகிரியில் வையுங்கள். நுண்பாசி வளரும் கடல்நீரில் லிட்டருக்கு 0, 0.2, 0.4, 0.8, 1.6 கிராம் பொடி, ஒவ்வொன்றுக்கும் 3 குடுவை. நான்கு நாள், தினமும் ஒரே நேரத்தில் எண்ணுங்கள், உயிரோடு. செல்லைப் பதப்படுத்தி எண்ணலாம் என்று அயோடின் விட்டால் ஓடில்லாத செல் அதிலேயே உடைந்துபோகும். பழி பாசி மேல் விழும்.

பொடி நீரைக் கலக்கினால் வெளிச்சம் குறையும், அதனாலும் வளர்ச்சி நிற்கும். ஆகவே ஊறவைத்து 0.22 மைக்ரான் வடிகட்டியில் வடித்த சாற்றையும் தனியாகச் சோதியுங்கள். உயிர்ப்பாசி போட்டால் இன்னும் சிக்கல்: நைட்ரேட்டையும் பாஸ்பேட்டையும் அதுவே தின்றுவிடும், வெயிலில் பி.எச். 9-ஐத் தாண்டும். தினமும் உரச்சத்து சேர்த்து, பி.எச். அளக்காவிட்டால் 'வேதிப்பொருள்தான் கொன்றது' என்று எழுத முடியாது. பல புராஜெக்ட் கவிழ்வது இங்கேதான். மதுரைச் சித்திரையில் ஏ.சி. இல்லாத அறை என்றால், பொடி போடாத குடுவையே செத்துக் கிடக்கும்.

வாடிப்பட்டி மீன் வளர்ப்பவர்: அண்ணே, என் குளம் பச்சையாகிவிட்டது. கடற்பாசி போடலாமா?

வேண்டாம் தம்பி. அழுகி ஆக்சிஜனைக் குடிக்கும். விடியற்காலையில் மீன் வாய் பிளந்து மேலே வரும். தீவனத்தைக் குறைங்க, பாதித் தண்ணீரை மாத்துங்க.

திருமங்கலம் ஆசிரியர்: 2019 செப்டம்பரில் பாம்பன் பக்கம் கடல் பச்சையாகி மீன் செத்ததே, அதற்கு உதவுமா?

அது நாக்டிலூக்கா. தன் உடலுக்குள் குட்டிப் பச்சைப் பாசியைக் குடிவைத்து, இரையையும் விழுங்கும் உயிரி. அங்கே மீனைக் கொல்வது ஆக்சிஜன் பற்றாக்குறையும் அம்மோனியாவும். ஹெட்டிரோசிக்மாவில் வந்த முடிவை அதற்கு ஒட்டவைக்கக் கூடாது.

அவரே: கடலில் பொடியைத் தூவினால்?

கணக்குப் போடுங்கள். லிட்டருக்கு 1 கிராம் என்றால் கன மீட்டருக்கு 1 கிலோ. ஒரு ஏக்கர், 1 மீட்டர் ஆழம்: 4 டன் காய்ந்த பாசி, பச்சையாக ஏறக்குறைய 40 டன். அடுத்த நீரோட்டத்தில் அதுவும் கரைந்து போய்விடும். இறால் தொட்டிக்கு வேண்டுமானால் யோசிக்கலாம்.