நீண்ட நாள் தண்ணீர் இல்லாவிட்டால் எண்ணெய் வித்துப் பயிர்கள் எப்படித் தாக்குப்பிடிக்கின்றன?

இந்தக் கேள்வியைப் பார்த்ததும் எனக்கு உச்சிவெயிலில் நிற்கும் நிலக்கடலைச் செடிதான் கண்முன் வந்தது. ஓர் இலைக்கு நான்கு சிற்றிலைகள். மண் காய்ந்தால் எதிரெதிர் சிற்றிலைகள் கைகூப்பியதுபோல மடிந்து, வெயிலுக்கு விளிம்பை மட்டும் காட்டி நிற்கும். வாடிவிட்டது என்று நினைப்போம். உண்மையில் வெயில் விழும் பரப்பைச் சுருக்கி, இலையின் சூட்டையும் நீர் இழப்பையும் அது குறைத்துக்கொள்கிறது.

செடிக்குள்ளே நடப்பது வேறு. ஈரம் குறையக் குறைய அப்சிசிக் அமிலம் என்ற ஹார்மோன் கூடி, இலைத்துளைகளை மூடவைக்கிறது. செல்களில் புரோலின் என்ற அமினோ அமிலம், சர்க்கரை போன்றவை சேர்ந்து சாறு அடர்த்தியாவதால், காய்ந்த மண்ணிலிருந்தும் கொஞ்சம் நீரை இழுக்க முடிகிறது. கடுகில் இதை நன்றாகவே பார்க்கலாம். சூரியகாந்தி புது இலைகளைச் சிறிதாக விட்டு, அடி இலைகளைக் காயவிடும். குசும்பா என்ற எண்ணெய் வித்துச் செடியின் ஆணிவேர் ஆழமான மண்ணில் 2 மீட்டருக்கும் கீழே போகும்.

சரி, இலைத்துளையை மூடிவிட்டால் தப்பித்துவிடலாமா? அங்கேதான் சிக்கல். கரியமில வாயுவும் அதே துளை வழியாகத்தான் வரவேண்டும். அது குறைந்தால் சர்க்கரை குறையும். எண்ணெயோ செலவு பிடித்த பொருள். 1 கிராம் மாவுச்சத்துக்குச் சுமார் 1.2 கிராம் குளுக்கோஸ் போதும். 1 கிராம் எண்ணெய்க்குச் சுமார் 3 கிராம் வேண்டும். அதனால் விதை முற்றும் பருவத்தில் வறட்சி வந்தால், செடி பிழைத்தாலும் விதை சிறுத்து, பெரும்பாலும் எண்ணெய்ச் சத்தும் குறைந்துவிடும்.

நிலக்கடலைக்கு இன்னொரு கஷ்டமும் உண்டு. பூ மேலே, காய் கீழே. பூவிலிருந்து மண்ணுக்குள் இறங்கி நுனியில் காய் பிடிக்கும் காம்புதான் விழுது. மேல்மண் இறுகிவிட்டால் அது இறங்காது. இறங்கினாலும், காய் தனக்கு வேண்டிய சுண்ணாம்புச்சத்தைச் சுற்றியுள்ள மண்ணிலிருந்தே நேரடியாக எடுக்கவேண்டும், அதற்கு அந்த மண்ணில் ஈரம் வேண்டும். வேர் ஆழத்தில் நீர் குடித்துச் செடி பச்சையாக நிற்கும்போதே காய்கள் பொக்காகிப் போவது இதனால்தான். அப்புறம், கடைசி வாரங்களில் வறட்சியும் சூடும் சேர்ந்தால், பருப்பில் ஈரம் குறைந்து அதன் எதிர்ப்புச் சக்தி போய்விடும். பூஞ்சை புகுந்து அஃப்ளாடாக்சின் என்ற நஞ்சு உண்டாகும். ஆகவே இலையின் பச்சையை மட்டும் பார்த்து ஒரு ரகத்தை 'வறட்சி தாங்கும்' என்று சொல்வதை நான் ஏற்பதில்லை. காயைப் பிடுங்கி உடைத்துப் பார்க்கவேண்டும்.

வறட்சி எப்போது வருகிறது என்பதும் முக்கியம். நிலக்கடலையில் பூக்கும் முன் மிதமான வறட்சி இருந்து, பிறகு தண்ணீர் கிடைத்தால், பூக்கள் ஒரே சமயத்தில் ஏராளமாக வரும். அப்போது விளைச்சல் கூடுவதும் உண்டு. அதே வறட்சி விழுது இறங்கும்போது வந்தால், பின்னால் எவ்வளவு பாய்ச்சினாலும் அந்த இழப்பு முழுதாக ஈடாவதில்லை.