கார் சார்ஜர் பாயின்ட் திடீரென்று வேலை செய்யவில்லை. ஃபியூஸ் போயிருக்குமா? நானே மாற்றலாமா?

நேற்று வரை போன் சார்ஜ் ஆகியிருக்கிறது, இன்று ஆகவில்லை, காரில் மற்றதெல்லாம் ஓடுகிறது என்கிறீர்கள். அப்படியானால் பெரும்பாலும் ஃபியூஸ்தான். மாற்றுவது இரண்டு நிமிட வேலை. ஆனால் அவசரப்பட்டு மாற்றிவிடாதீர்கள். நான் அப்படி மாற்றித்தான் ஒரு புது ஃபியூஸையும் எரித்தேன்.

திருச்சியிலிருந்து ராமேஸ்வரம் போய்க்கொண்டிருந்தோம். புதுக்கோட்டை தாண்டியதும் போன் சார்ஜ் ஏறுவது நின்றுவிட்டது. முதலில் சார்ஜரைத்தான் திட்டினேன். வேறு சார்ஜர், வேறு கேபிள் எல்லாம் மாட்டிப் பார்த்தேன், ஒன்றும் நடக்கவில்லை. காரைக்குடியில் டீ குடிக்க நிறுத்தியபோது ஃபியூஸ் பாக்ஸைத் திறந்தேன்.

பெரும்பாலான கார்களில் இரண்டு பாக்ஸ் இருக்கும். ஒன்று பானெட்டுக்குள் பேட்டரி பக்கத்தில், இன்னொன்று டாஷ்போர்டுக்குக் கீழே. சார்ஜர் பாயின்ட், பவர் விண்டோ போன்றவை வழக்கமாக உள்ளே இருப்பதில்தான் வரும். எந்த ஃபியூஸ் எதற்கு என்ற படம் மூடியின் பின்புறத்தில் இருக்கும். இல்லாவிட்டால் காரோடு கொடுத்த புத்தகத்தில் பாருங்கள். சாவியை அணைத்துவிட்டு, பாக்ஸிலேயே செருகி வைத்திருக்கும் சின்ன பிளாஸ்டிக் இடுக்கியால் ஃபியூஸை நேராக மேலே இழுங்கள். இடுக்கி காணாமல் போயிருந்தால் (பல கார்களில் போயிருக்கும்) விரலாலேயே எடுக்கலாம். ஸ்க்ரூடிரைவரை விட்டு நெம்ப வேண்டாம்.

எடுத்த ஃபியூஸை வெளிச்சத்தில் பிடித்துப் பாருங்கள். நடுவில் வளைந்து போகும் மெல்லிய பட்டை அறுந்திருந்தால், அல்லது உள்ளே கருகியிருந்தால், அது போய்விட்டது. சில சமயம் பார்க்க நன்றாக இருக்கும், மயிரிழை விரிசல் கண்ணுக்குத் தெரியாது. அதனால் கழற்றுவதற்கு முன்பே டெஸ்ட் லாம்பால் (ஒயரில் கிளிப்பும் மறுமுனையில் ஊசியும் உள்ள சின்ன விளக்கு) பார்ப்பது மேல். ஃபியூஸின் தலையில் இரண்டு சின்ன உலோகப் புள்ளிகள் தெரியும். லாம்பின் கிளிப்பை காரின் வெறும் இரும்பில் மாட்டி, சாவியை ஆன் செய்துவிட்டு, இரண்டு புள்ளியையும் தொடுங்கள். இரண்டிலும் எரிந்தால் ஃபியூஸ் நல்லது, கோளாறு அதற்கு அப்பால். ஒன்றில் மட்டும் எரிந்தால் ஃபியூஸ் காலி. இரண்டிலுமே எரியாவிட்டால் ஃபியூஸுக்கே கரண்ட் வரவில்லை.

என்னுடையது நீல நிற 15 ஆம்பியர். உள்ளே கரி. ஸ்பேர் ஒன்று பாக்ஸிலேயே இருந்தது. போட்டேன், சாவியைத் திருப்பினேன், அந்த நொடியே அதுவும் போயிற்று. டீக்கடையில் நின்ற ஒரு வேன் டிரைவர், சிகரெட் அட்டையின் வெள்ளித்தாளைச் சுருட்டிச் செருகச் சொன்னார். உதவும் எண்ணத்தில்தான் சொன்னார், ஆனால் தயவுசெய்து அதைச் செய்யாதீர்கள். 15 இருந்த இடத்தில் 30 போடுவதும் அதே தப்புதான். ஃபியூஸ் காப்பாற்றுவது சார்ஜரை இல்லை, டாஷ்போர்டுக்குள் ஓடும் ஒயரை. ஒயர் தாங்கும் அளவுக்கு ஏற்றபடிதான் ஃபியூஸ் வைத்திருக்கிறார்கள். பெரியதைப் போட்டால் ஃபியூஸுக்கு முன்னால் ஒயர் உருகும், கார்பெட்டுக்கு அடியில் தீ பிடிக்கும்.

பக்கத்துத் தெருவில் ஒரு ஆட்டோ எலக்ட்ரீஷியன் இருந்தார். ஃபியூஸ் பாக்ஸ் பக்கமே அவர் போகவில்லை. "சாக்கெட்டுக்குள்ள டார்ச் அடிச்சுப் பாத்தீங்களா சார்?" என்றார். பார்த்தால் உள்ளே ஒரு ரூபாய் நாணயம்! சாக்கெட்டின் நடு முனை பாசிட்டிவ், சுற்றுச்சுவர் நெகட்டிவ். நாணயம் இரண்டையும் தொட்டுக்கொண்டு கிடந்திருக்கிறது. பழைய பெரிய ஒரு ரூபாய் உள்ளே போயிருக்காது, புதுசு சின்னது, அழகாக விழுந்துவிட்டது. கப் ஹோல்டரில் சில்லறை போடும் பழக்கத்தை அன்றோடு விட்டேன்.

அதனால் முதலில் சாக்கெட்டுக்குள் பாருங்கள். ஏதாவது கிடந்தால், ஃபியூஸைக் கழற்றிவிட்டு எடுங்கள். சில கார்களில் சாவி இல்லாமலேயே அங்கே கரண்ட் இருக்கும். அப்புறம், அந்தப் பாயின்டில் டயருக்குக் காற்றடிக்கும் பம்ப் மாட்டினீர்களா? சில பம்ப் 10 ஆம்பியருக்கு மேல் இழுக்கும், 10 ஆம்பியர் ஃபியூஸ் என்றால் போய்விடும். பம்ப்தான் காரணம் என்றால் வேறு கோளாறு இல்லை. அதே அளவு ஃபியூஸைப் போட்டுவிட்டு, பம்பை பேட்டரியில் கிளிப் மாட்டும் ரகமாக வாங்கிக்கொள்ளுங்கள்.

கடையில் வாங்கும்போது பழையதைக் கையோடு எடுத்துப் போங்கள், ஏனென்றால் ஒரே ஆம்பியரில் மினி, சாதா என்று அளவுகள் உண்டு. நிறம் எல்லா காரிலும் ஒன்றுதான்: 10 சிவப்பு, 15 நீலம், 20 மஞ்சள், 30 பச்சை. கையில் ஸ்பேர் இல்லாமல் வழியில் மாட்டிக்கொண்டால், உடனே தேவைப்படாத ஒன்றிலிருந்து அதே ஆம்பியர் ஃபியூஸைக் கடன் வாங்கலாம். ஏர்பேக், ஏபிஎஸ் என்று எழுதியிருப்பதைத் தொடாதீர்கள்.

சாக்கெட் காலி, எதுவும் மாட்டவில்லை, அப்படியும் புது ஃபியூஸ் போகிறது என்றால் உள்ளே ஒயர் எங்கோ உரசுகிறது, அல்லது எலி கடித்திருக்கிறது. மூன்றாவது ஃபியூஸை வீணாக்காமல் எலக்ட்ரீஷியனிடம் விடுங்கள். அவர் ஃபியூஸ் இடத்தில் ஒரு 12 வோல்ட் பல்பை மாட்டிவிட்டு ஒயரை ஒவ்வொரு இடமாக அசைப்பார். ஒயர் உரசிக்கொண்டிருக்கும் வரை பல்பு எரியும். எந்த இடத்தை அசைக்கும்போது அணைகிறதோ, கோளாறு அங்கேதான்.